வியாழன் ஒரு மணிக்குள்

முன்ஜாமீன் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் தாமதமாகத்தான் வருவார்கள். முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். போலீஸ் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகுதான் அவர்களுக்குச் சட்டம் ஞாபகம் வரும். வேர்த்து விறுவிறுத்து, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் எங்கள் ஆபீஸ் படியேறி வருவார்கள். "நேத்தே வந்திருக்கணும்" என்பேன். இதைச் சொல்லிச் சொல்லியே கோர்ட் வட்டாரத்தில் எனக்கு 'நேத்தே அண்ணன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. என் சொந்தப் பெயரைச் சம்பளக் கவரில் மட்டும்தான் பார்ப்பேன்.

இந்த வாக்குமூலத்தை என்னிடம் யாரும் அடித்து வாங்கவில்லை. குற்றவியல் நடுவர் அம்மா அவர்கள் நான் எதுவும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல என்று எச்சரித்தார்கள், சொன்னால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்றார்கள், யோசிக்க ஒரு நாள் அவகாசமும் தந்தார்கள். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. பேசுவதைவிட எழுதுவதுதான் எனக்கு வரும் என்று சொன்னதும் காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள். டைப்ரைட்டர் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்துமூன்று. அடுத்த வருஷமே சீனியர் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்த வேண்டும். அவளைப் படிக்கவைத்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, தலை பின்னிவிட்டது எல்லாம் நான்தான். எனக்குப் பெண் பார்க்க யாரும் இல்லை. நானும் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு பேர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். அதுவே போதும் என்று இருந்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு தகரப் பட்டறையின் மாடியில். முன் அறை, பின் அறை, இடையில் அடுக்களை. பின் அறை அவளுடையது. அதன் ஜன்னலைத் திறந்தால் ஒரு சாண் தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். முன்பு அது பட்டறைக்காரரின் சரக்கு அறையாக இருந்ததால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. போலீஸ் ஆய்வாளர் அந்தத் தாழ்ப்பாளை நான் பொருத்தினேன் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. நாங்கள் குடிவந்தபோதே இருந்தது.

அவளுக்கு மூன்று வரன்கள் வந்தன. மூன்றும் தட்டிப்போயின. மூன்று மாப்பிள்ளை வீட்டுக்கும் கடிதம் எழுதியது நான். கையெழுத்து இல்லாத கடிதம்தான், ஆனால் பொய் எதுவும் எழுதவில்லை. பெண்ணுக்கு ஆஸ்துமா இருப்பதையும், அது எந்த நேரமும் முற்றக்கூடியது என்பதையும், பிள்ளை பெறுவது ஆபத்து என்பதையும் எழுதினேன். கடைசி விஷயத்தை எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடும். உண்மையை மறைத்துக் கல்யாணம் செய்வது மோசடி. நாளைக்கு அவர்கள் வழக்குப் போட்டால் யார் அலைவது? ஒவ்வொரு வரன் போகும்போதும் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். மூன்றாவது நாள் சரியாகிவிடும். மூன்றாவது வரனுக்குப் பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரர் பின்பக்கம் உட்கார்ந்து கண்ணாடி தேய்ப்பார், இவள் முன்பக்கம் வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், ஐம்பதை நெருங்கியவர். ஏழு வருஷம் ஒரே கடையில் இருந்தார்கள். நான் சந்தேகப்படவே இல்லை. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் குடும்ப விவகாரத்தையே படித்துக்கொண்டிருந்தவன், என் வீட்டில் நடப்பதைக் கோட்டைவிட்டேன்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது முடிந்த மாதம், இரவு தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அண்ணா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்." நான் நல்லது என்றேன். மறுநாள் ஆபீஸில் மதிய வேளையில் கடிதத்தை டைப் செய்து கடை முகவரிக்கு அனுப்பினேன். ஆனால் அந்த மனிதர் மற்ற மூன்று பேரைப் போல் இல்லை. படித்துவிட்டுச் சிரித்தாராம். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அதை என் முன்னால் மேஜையில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும்.

"கல்யாணத்தைக் கலைக்க எழுதற லெட்டர்ல யாராவது 'மேற்படி பெண்'னு எழுதுவாங்களாண்ணா? பாராவுக்குப் பாரா நம்பர் வேற போட்டிருக்கே. கீழ 'இடம், நாள்' மட்டும்தான் பாக்கி."

முன்பு எழுதியவையும் அப்படித்தான் இருந்திருக்கும். பழக்க தோஷம்.

"அப்ப அந்த மூணும் நீதானா?"

"உன் நல்லதுக்குத்தான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாளைக்குப் பத்து மணிக்குப் பதிவு ஆபீஸ்ல கல்யாணம். நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு. போட்டேன்னா இதெல்லாம் நான் மறந்துடறேன், இனிமே பேசவே மாட்டேன். வரலேன்னா நாலு லெட்டர் கதையையும் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் நான் போவேன்."

ஒரு கையெழுத்துதான் கேட்டாள். அதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முகம் தெரியாதவர்களுக்குக்கூட. அன்று மட்டும் கை வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் அவருடைய வீட்டில் வசதியாகத்தான் இருப்பாள். நான் மாலை ஆறு மணிக்குப் படியேறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒரு தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும். இதை நினைத்தபோது எனக்கு வந்தது பயம்தான், வேறு பெயர் சொல்லி மறைக்க விரும்பவில்லை.

வியாழன் காலை அவளுக்கு லேசாக இழுப்பு இருந்தது. மனசு பரபரத்தால் வருவதுதான். கைப்பையில் இன்ஹேலரையும் ஃபோனையும் போட்டு முன் அறை மேஜையில் வைத்துவிட்டு, உடை மாற்றப் பின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எழுந்துபோய் வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன். மணி ஒன்பது பத்து.

என் எண்ணமெல்லாம் பத்து மணி தாண்ட வேண்டும் என்பதுதான். அந்த மனிதர் பதிவு ஆபீஸில் காத்திருந்து பார்த்து, மனம் கசந்து போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். கீழே பட்டறையில் தகரம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் கதவைத் தட்டியது அதோடு கலந்துவிட்டது. முதலில் அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். பத்தே கால் வரைக்கும் பேசினாள். அதன்பிறகு பேச்சு குறைந்து இழுப்பு மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்டவன் நான். எப்போது தானாக அடங்கும், எப்போது அடங்காது என்று எனக்குத் தெரியும். இது அடங்காது.

இந்த இடத்தில் முன்ஜாமீனைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கைது வரும் என்று நம்பக் காரணம் இருந்தால், வருவதற்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போய், கைது செய்தாலும் ஜாமீனில் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு வாங்கி வைத்துக்கொள்வது. எங்கள் நீதிமன்றத்தில் ஒரு நடைமுறை உண்டு. வியாழன் ஒரு மணிக்குள் தாக்கல் பிரிவில் கொடுத்த மனு அடுத்த திங்கட்கிழமை விசாரணைப் பட்டியலில் வரும். ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் அதற்கடுத்த திங்கள்தான். அந்த ஒரு வாரத்துக்குள் எத்தனையோ கட்சிக்காரர்கள் உள்ளே போயிருக்கிறார்கள்.

மணி பத்தரை. கதவைத் திறந்தால் அவள் நேராக ஸ்டேஷனுக்குப் போவாள். அடைத்துவைத்தது இப்போது கடிதங்களோடு சேர்ந்துவிட்டது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கைது இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில்தான் அவள் வீட்டைவிட்டுப் போகிறாள்.

வீட்டில் ஒரு பழைய டைப்ரைட்டர் உண்டு. உட்கார்ந்து மனுவை அடித்தேன். மனுதாரர் பொறுப்பான அண்ணன், மனுதாரரின் தங்கை நாள்பட்ட ஆஸ்துமாவால் வியாழன் காலை வீட்டில் இயற்கையாக மரணமடைந்துவிட்டார், அவரை மணக்க விரும்பிய கண்ணாடிக் கடைக்காரர் காழ்ப்புணர்ச்சியால் பொய்ப் புகார் கொடுக்கக்கூடும், ஆகவே மனுதாரர் கைதுக்கு அஞ்சுகிறார். ஒன்பது பாரா. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. 'மரணமடையக்கூடும்' என்று எழுதியிருக்கலாமே என்று ஆய்வாளர் கிண்டலாகக் கேட்டார். அப்படி எழுதிய மனுவுக்கு எந்த நீதிமன்றத்திலும் நம்பர் விழாது, அப்படியே திருப்பிவிடுவார்கள். மனுவில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

சீனியர் திங்கட்கிழமைதோறும் பத்து வக்காலத்துப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் கட்சிக்காரர் வந்தால் வேலை நிற்கக் கூடாது என்று. அதில் ஒன்றில் என் பெயரை நிரப்பினேன். பன்னிரண்டு மணிக்கு நோட்டரி முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் யாருடைய பிரமாணப் பத்திரத்தையும் படிக்க மாட்டார், முத்திரை மட்டும் குத்துவார். பன்னிரண்டு இருபதுக்குத் தாக்கல் பிரிவின் சீல் விழுந்தது.

சீல் குத்திய பிறகுதான் அந்தப் பிரிவில் இருந்த அம்மா மனுதாரரின் பெயரைப் பார்த்தார்.

"அண்ணே, இது உங்க பேரா? தங்கச்சியாண்ணே? எப்ப?"

"காலையில."

"ஐயோ. இந்த நேரத்துல நீங்க ஏன் வந்தீங்க? யாரையாவது அனுப்பியிருக்கலாமே."

"ஒரு மணிக்குள்ள கொடுத்தாத்தானே திங்கக்கிழமை வரும்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்டரைவிட்டு எழுந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கவுண்டருக்கு வெளியே அவரை நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காத விஷயம். செய்தி பரவி ஒவ்வொருவராக வந்தார்கள். நோட்டரி தன் பெஞ்சில் இடம் விட்டார். நகல் எடுப்பவர், சுருக்கெழுத்துக்காரர், மற்ற வக்கீல்களின் குமாஸ்தாக்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரோ டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள், சூடு ஆறியதும் இன்னொன்று வாங்கி வந்தார்கள். சீனியர் கோர்ட்டிலிருந்து கவுனைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில், அந்தப் பெஞ்சிலேயே, உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார்.

"உனக்கு ஒரு தங்கச்சி இருக்கறதே எனக்குத் தெரியாதுய்யா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டதில்லையே ஐயா."

"அந்தக் கடைக்காரன் என்ன கம்ப்ளெயின்ட் குடுக்கறான்னு நான் பாக்கறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே."

உடனே வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். வெளியூரிலிருந்து மூத்த அக்கா வர வேண்டும், சனிக்கிழமைதான் எடுக்கிறோம், நாளைக்கு வாருங்கள் என்றேன். எங்களுக்கு மூத்த அக்கா கிடையாது. அது அங்கே இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கோர்ட் முடிந்து ஐந்தரை மணிக்கு எல்லோரும் சேர்ந்து வருவதாக முடிவாயிற்று. நான் ஐந்து மணிவரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை. எனக்காக இத்தனை பேர் ஒரு மத்தியானத்தைச் செலவிட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பின் அறைக் கதவருகே போய், "வந்துட்டேன்" என்றேன், தினமும் சொல்வதுபோல. உள்ளேயிருந்து மூச்சு கேட்டது. விசிலும் கரகரப்பும் கலந்த அந்த மூச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் தரையில், மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிட அவளுக்கு உறுதி அதிகம்.

மேஜைக்குப் போய்க் கைப்பையை எடுத்தேன். இது உண்மை. ஒரு கையில் பை, ஒரு கை தாழ்ப்பாளில். அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள்.

கண்ணாடிக்காரர். புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்பெல்லாம் கசங்கிப் போயிருந்தது. காலையிலிருந்து பதிவு ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். நான் இல்லாதபோது மூன்று தடவை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனாராம், ஃபோனையும் யாரும் எடுக்கவில்லையாம்.

"அவ மனசு மாறிட்டா" என்றேன். "உங்க முகத்துல முழிக்கச் சங்கடமா இருக்குன்னு சொன்னா. கொஞ்ச நாள் விடுங்க."

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். பட்டறையில் கடைசிச் சரக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின் அறைக் கதவிலும் ஏதோ தட்டியது, ஆனால் எந்தத் தட்டல் எங்கிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்குத்தான் பிரித்துத் தெரியும்.

"உடம்பு நல்லா இருக்கா? காலையில இழுப்பா இருக்குன்னு ஃபோன்ல சொன்னாங்க."

"நல்லா இருக்கா. தூங்கறா."

"மாத்திரை போட்டுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. மரியாதையான மனிதர். ஒரு சத்தம் போட்டிருந்தால், என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். அவருடைய மரியாதையும் இதில் ஒரு பங்கு வகித்தது என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும்.

நாற்காலியைப் பின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவர் வந்தாரா?" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"வந்தார்."

"என்ன சொன்னார்?"

"உடம்பு எப்படின்னு கேட்டார்."

கதவை ஒரு தடவை மெல்லத் தட்டினாள். பிறகு, "கையெழுத்தெல்லாம் வேணாம். பையை மட்டும் குடுண்ணா" என்றாள்.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனு போட்டதை, சீல் விழுந்ததை, தாக்கல் பிரிவு அம்மா அழுததை, சீனியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை. எனக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வழக்கமாகவே ஆபீஸ் கதையை அவளிடம்தான் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் சட்டம் கேட்டவள் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டாள்.

"வாபஸ் வாங்கிக்கலாமே. மனுவை வாபஸ் வாங்கிக்கலாம்ண்ணா."

வாபஸ் வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். செத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? முப்பத்தொரு வருஷத்தில் நான் தாக்கல் செய்த ஒரு பிரமாணப் பத்திரத்தில்கூடப் பொய் இருந்ததாக ஒருவர் சொன்னதில்லை. என் கையைப் பிடித்து அழுத அந்த அம்மாவின் முகத்தில் நான் மறுபடி எப்படி விழிப்பது? நாளைக்கு ஐந்தரை மணிக்கு அத்தனை பேரும் படியேறி வரும்போது அவளே கதவைத் திறந்தால்? இதையெல்லாம் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டாளா தெரியாது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "சத்தியமா எங்கயும் போக மாட்டேன். உன்கூடவே இருக்கேன்."

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன். ஒரு நாள் முன்னால், புதன்கிழமை சொல்லியிருந்தால் இத்தனைக்கும் அவசியமே இருந்திருக்காது. மனு தாக்கலான பிறகு சொன்னால் நான் என்ன செய்வது? கைப்பையை எடுத்துப்போய் மறுபடி மேஜைமேல் வைத்தேன்.

தண்ணீர்கூடக் கொடுக்காமல் தவிக்கவிட்டேன் என்று ஆய்வாளரின் அறிக்கையில் இருக்கிறது. அதுவும் தவறு. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. பாதிதான் குடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கொடுத்திருந்தார்கள், துக்கம் என்று. காலை முழுதும் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அவள் சின்ன வயதில் செய்த குறும்புகளைச் சொன்னேன். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வக்கீலாக நின்றதை, வாதாடச் சொன்னதும் பயந்து அழுததை. அவள் பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு மணிக்குப் பட்டறையில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மூச்சு தெளிவாகக் கேட்டது. விட்டு விட்டு வந்தது. இரண்டு மணிக்கு மறுபடி தகரம் அடிக்கத் தொடங்கினார்கள். மூன்று மணிக்குக் காதைக் கதவோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். மூன்றே காலுக்குத் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். ஈரத்துணியால் முகம் துடைத்து, தலைமுடியைச் சீராக வாரிவிட்டேன். பின்னிவிடவும் முயன்றேன், விரல் மறந்துபோயிருந்தது. இன்ஹேலரைத் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். வீட்டைப் பெருக்கி, வருகிறவர்கள் உட்கார நாற்காலிகளைக் கீழேயிருந்து கேட்டு வாங்கிப் போட்டேன்.

சொன்னபடி ஐந்தரைக்கு வந்தார்கள். கூடவே ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டும் வந்தார். முன்ஜாமீன் மனுவின் நகல் அரசு வக்கீலுக்குப் போகும், அவர் ஸ்டேஷனைக் கேட்பார், ஸ்டேஷன் அறிக்கை கொடுக்கும். ஆயிரம் தடவை நானே பார்த்த நடைமுறை அது. ஆனால் திங்கட்கிழமை காலையில்தான் அவர்கள் அசைவார்கள், எப்போதும் அப்படித்தான். இந்த ஒரு தடவை வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"உங்க பேர்ல கேஸே இல்லையேண்ணே" என்றார் ஏட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "யாரும் கம்ப்ளெயின்ட்டும் குடுக்கல. அப்புறம் எதுக்கு முன்ஜாமீன்?"

"முன்னாடியே வாங்கறதுதானே முன்ஜாமீன்" என்றேன். யாரோ துக்கத்திலும் லேசாகச் சிரித்தார்கள்.

அவர் எழுந்து பின் அறைக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குனிந்து அவள் கையைத் தொட்டார், மரியாதைக்காகத்தான் தொட்டிருப்பார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு கழுத்தருகே புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எப்ப இறந்தாங்கன்னு சொன்னீங்க?"

"நேத்துக் காலையில."

"உடம்பு இன்னும் சூடா இருக்கேண்ணே."

தாக்கல் பிரிவு அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஓர் அடி தள்ளி நின்றார். பிறகு இன்னொருவர் தள்ளி நின்றார். சீனியர் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் அறையில் நானும் ஏட்டும் காலி நாற்காலிகளும்தான் இருந்தோம்.

பிரேதப் பரிசோதனையில் இறந்த நேரம் வெள்ளி பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் என்று வந்தது. ஆய்வாளர் அந்த அறிக்கையையும் என் மனுவையும் அருகருகே வைத்தார். மனுவில் வியாழன் பன்னிரண்டு இருபது என்று சீல். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. திறக்க எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இன்னொரு பாதிப் பகலும் இருந்தன. திறக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை ஒன்றே ஒன்றுக்குத்தான். கொலையோடு சேர்த்து, பொய்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததாகவும் என்மேல் ஒரு பிரிவு போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனு திங்கட்கிழமை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்றைய தேதியில் என் தங்கை உயிரோடு இல்லை. நேரத்தைத் தவிர, அதில் நான் எழுதிய எதையும் யாரும் மறுக்க முடியாது.

மனு தள்ளுபடியானது. அன்றே முறைப்படி கைது செய்தார்கள். கைதுக் குறிப்பு என்று ஒரு படிவம் இருக்கிறது. கைதான தகவலை எந்த உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். ஏட்டு பேனாவைக் கொடுத்தார். யோசிக்காமல் அவள் பெயரை எழுதினேன், உறவுமுறை தங்கை என்று எழுதினேன், வீட்டு முகவரியையும் எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்துவிட்டு வேறு யார் பெயரையாவது எழுதச் சொன்னார். அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் அவர் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்.

அந்தக் கோட்டைப் போடாமல் நான் எழுதியதையே விட்டிருக்கலாம். தகவல் மட்டும் போயிருந்தால் இந்நேரம் ஓடி வந்திருப்பாள், அவளுக்கு என்னைத் தனியாக விட்டுவிட்டு இருக்கத் தெரியாது.